கலாம் ஐயா நின்றிருக்க வேண்டும்!

நண்பர்களே, தலைப்பைப் பார்த்ததும் சண்டைக்கு வராதீர்கள். அப்துல் கலாம் படத்தை ரெக்கார்டு நோட்டு அட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். ஆனாலும் 2012 ஜூன் 18-ஆம் தேதி அவர் எடுத்த முடிவு எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அந்த மாதம் மம்தா பானர்ஜியும் முலாயம் சிங்கும் ஜனாதிபதி பதவிக்குச் சொன்ன மூன்று பெயர்களில் ஒன்று கலாம். சில நாளிலேயே முலாயம், பிரணாப் முகர்ஜி பக்கம் சாய்ந்துவிட்டார். மம்தா மட்டும் விடவில்லை. பா.ஜ.க.வும் கேட்டுப் பார்த்தது. கலாம் யோசித்தார். கடைசியில், போட்டியிட மனசாட்சி இடம் தரவில்லை என்று அறிக்கை கொடுத்து விலகிக்கொண்டார்.

காரணம் கணக்குதான் என்று ஊரே பேசியது. நாமும் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஜனாதிபதி தேர்தலில் நமக்கு ஓட்டுக் கிடையாது, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போடுவார்கள். 1971 மக்கள்தொகையை 234 தொகுதியால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். அதாவது நம்ம கீழ்பென்னாத்தூர் எம்.எல்.ஏ. போடும் ஒரு ஓட்டுக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசக்காரருக்கு 208, சிக்கிம்காரருக்கு வெறும் 7! 2012-இல் ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 708. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பிரணாப் பக்கம்தான் தராசு இறங்கியிருந்தது. தமிழ்நாட்டின் ஆளுங்கட்சியும் அப்போது சங்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தது.

சரி, தோற்றிருப்பார். தோற்றால் என்ன?

2007-இல் அவர் விலகியதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது அவர் பதவியில் இருந்தார். ராஷ்டிரபதி பவனை அரசியலுக்குள் இழுக்க மனமில்லை என்றார். நியாயம். 2012-இல் அவர் நம்மைப் போல ஒரு குடிமகன். தடுத்தது எது?

முன்னாள் ஜனாதிபதி தோற்றால் அந்தப் பதவிக்கே இழுக்கு என்கிறார்கள் ஹாஸ்டல் நண்பர்கள். 1969-இல் வி.வி.கிரியிடம் தோற்ற சஞ்சீவ ரெட்டி, 1977-இல் போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானாரே! அவருக்கு என்ன இழுக்கு வந்தது?

தோல்விக்குப் பயப்படாதே என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொன்னவர் கலாம். 1979 ஆகஸ்டில் அவர் தலைமையில் ஏவிய எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் அதே ராக்கெட் மேலே போனது. லேப்பில் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் கம்பியை அறுகிற வரைக்கும் இழுக்கிறோமே, எதற்கு? அறுந்தால்தானே எவ்வளவு தாங்கும்னு தெரியும்! கட்சிகளின் உத்தரவுக்கு எம்.எல்.ஏ.க்கள் எவ்வளவு கட்டுப்படுகிறார்கள், மக்கள் மனசுக்கு எவ்வளவு மதிப்பு என்று நாடு பார்த்திருக்கும். ரகசிய ஓட்டு, கொறடா உத்தரவும் செல்லாது. அந்த டெஸ்ட் நடக்காமலே போச்சு.

நம்ம யூனியன் தேர்தலையே பாருங்க. ஜெயிப்போமான்னு டிபார்ட்மென்ட் வாரியா தலையை எண்ணிட்டு, நாமினேஷன் பாரத்தை மடிச்சுப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுப் போறவங்க எத்தனை பேர்! கேட்டால் 'கலாமே நிக்கலையே' என்று பதில் வருகிறது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

2002-இல் கலாமை எதிர்த்து நின்றவர் கேப்டன் லட்சுமி. நேதாஜி படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய சென்னைப் பெண். காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டும் கலாம் பக்கம். ஜெயிக்க வழியே இல்லை என்று அவருக்கும் தெரியும், வயதோ 87. இருந்தும் இடதுசாரிகள் கேட்டதும் நின்றார். கலாமுக்கு 9,22,884, அவருக்கு 1,07,366. பிறகு கான்பூருக்குத் திரும்பி, வழக்கம்போல ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். பிரணாப் ஜெயித்த சேதி வந்தது 2012 ஜூலை 22. மறுநாள் அந்த அம்மா கண்ணை மூடினார்.