ஒரு குழி போதாது

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில்கூட நீலகிரியில் பனியாறு இருந்ததில்லை. 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவே அன்றைய பனிக்கோட்டுக்கு வெகு கீழேதான் நின்றது. ஆனாலும் அந்தக் காலத்தின் பதிவு ஊட்டி–நடுவட்டம் சாலையை ஒட்டிய சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் பீட் படிவில் இருக்கிறது.

சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரி பீட்டின் கார்பன் ஐசோடோப்பு விகிதங்களை 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 1997-இல் அந்தப் பதிவு 40,000 ஆண்டுகள் வரை நீண்டது. புல்லின் மகரந்தத்தைப் பார்த்து அது சி3 புல்லா, சி4 புல்லா என்று பிரிக்க முடியாது. ஐசோடோப்பு பிரித்துக் காட்டியது. பனியூழி உச்சத்தில் சி4 புல் ஓங்கியிருந்தது. பருவமழை மெலிந்திருந்ததன் அடையாளமாக அதைக் கொண்டார்கள். தென்னிந்திய மலைகளின் பழங்காலநிலையைப் பேசும் எவரும் இன்றும் அந்த ஆய்விலிருந்துதான் தொடங்குகிறோம்.

ஆனால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டோமோ என்பது என் கவலை. அன்று காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவே இருந்தது. மழை குறையாவிட்டாலும் அந்தக் குறைவு மட்டுமே சி4 புல்லுக்குச் சாதகம். சாண்டிநல்லா வரைகோட்டில் மழையின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு? ஒரே பள்ளத்தாக்கை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

பனிவிரிப்பின் விளிம்பில் வேலை செய்பவர்களிடம் நாம் கற்க வேண்டியது இதைத்தான். அங்கே பனி உருகித் தேங்கிய ஏரிகளின் பருவ அடுக்குக் களிமண் ஆண்டுக்கணக்கைத் தரும். ஏரியின் பரப்பைத் தராது. அதற்குக் கரைமேடு, கழிமுகப் படிவு, நீர் வழிந்தோடிய வாய்க்கால் எல்லாம் வேண்டும். வட அமெரிக்காவின் அகாசி ஏரியைப் பற்றி வாரன் அப்ஹாம் 1895-இல் வெளியிட்ட நூல், கரைமேடுகளை நெடுந்தொலைவு தொடர்ந்து சென்று உயரம் அளந்ததால் உருவானது. ஒரே ஏரியின் பழைய கரை வடக்கே போகப்போக உயர்கிறது. பனியின் பாரம் நீங்கித் தரை எழும்பியதே காரணம். ஒரே இடத்தில் தோண்டியிருந்தால் அந்தச் சாய்வு கண்ணில் பட்டிருக்காது.

நமக்கும் ஒரு சாய்வு இருக்கிறது: மழையின் சாய்வு. மேற்கு விளிம்பிலுள்ள நடுவட்டம் தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்குகிறது. கிழக்கே போகப்போக அந்த மழை குறைகிறது. கார்பன் டை ஆக்சைடோ எல்லாப் பள்ளத்தாக்குக்கும் ஒன்றுதான். ஆகவே ஏறக்குறைய ஒரே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக மாதிரி எடுத்தால், இடத்துக்கு இடம் மாறும் பகுதியில் மழையைத் தேடலாம். உயரம் மாறினால் வெப்பமும் மாறும், கணக்கு குழம்பும். ஆகவே இடத்தேர்வில் கண்டிப்பு வேண்டும்.

அதற்கும் முன்னால் சதுப்புகளின் வரைபடம் வேண்டும். எங்கே எவ்வளவு ஆழப் படிவு மிஞ்சியிருக்கிறது, எங்கே கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வடிகால் வெட்டப்பட்டது, எங்கே சீகையும் கற்பூர மரமும் நீரை உறிஞ்சுகின்றன என்று தெரியாமல் துளைக்கருவியைத் தூக்கிப் பயனில்லை. வடிந்து காய்ந்த பீட் காற்றுப் பட்டு மட்கும்; மேலடுக்குகள்தான் முதலில் போகும். இளம் வேர்கள் கீழே இறங்கி ரேடியோகார்பன் வயதைக் குறைத்துக் காட்டும் சிக்கல் வேறு.

எனவே இனி இவ்விதழுக்குப் பீட் ஆய்வு அனுப்புவோர் படுகையின் எல்லை, ஆழம், நீர் வரும் வழி, போகும் வழி ஆகியவற்றை வரைந்து அனுப்ப வேண்டுகிறோம். எடுத்த மாதிரியில் பாதியை வெட்டாமல் குளிரில் வைத்து, அது இருக்கும் இடத்தையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.