ஓடுகிறவன் மேல் குற்றமில்லை!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவைச் செயலாளர் கேட்டார். காதல் கவிதைக்கு ஏற்கெனவே முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். 'தொழிற்கல்வியின் அவசியம்' என்று எழுதலாமென்றால் அது போன வருஷ மலரிலும் இருக்கிறது, அதற்கு முந்தின வருஷ மலரிலும் இருக்கிறது. ஆகவே எங்கள் ஹாஸ்டலில் ஆறு மாதமாக ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையையே எழுதிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய சண்டை அது. "நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

முதலில் ஆட்டம். இது நாம் காலால் உதைத்து ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு. முன்னேற இரண்டே வழி. குவார்ட்டர்பேக் என்கிறவன் பந்தைத் தூர எறியலாம். அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே ஓட விடலாம். இந்த இரண்டாவது வழிதான் நம் சண்டைக்கு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் ஹைலைட்ஸ் பார்ப்போம். ஓடினவன் ஒரு கெஜத்தில் விழுகிறான். அடுத்த முறை இரண்டு கெஜம். உடனே பக்கத்து அறை எலெக்ட்ரிக்கல் நண்பர் ஆரம்பித்துவிடுவார்: "இவனுக்கு ஓடவே வரலைடா. இவனைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டா எல்லாம் சரியாயிடும்." அங்கே மைதானத்தில் உட்கார்ந்திருக்கிற ஆயிரக்கணக்கான பேரும் அநேகமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் சொல்கிறேன், பத்தில் எட்டு தடவை ஓடினவன் மேல் தப்பே கிடையாது. அவனுக்கு முன்னால் குனிந்து நிற்கிறார்களே ஐந்து பேர், அவர்களைப் பாருங்கள்.

நடுவில் சென்டர், அவனுக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு அடுத்து டேக்கிள். மொத்தம் ஐந்து லைன்மேன்கள். ஒவ்வொருவனும் நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ இருப்பான். சாதாரணமாக இவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுமில்லை, எறிந்த பந்தைப் பிடிப்பதுமில்லை. எதிரே நிற்பவனை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதில்தான் நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் முழுக்க இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பழைய லேத்தை நகர்த்தியபோது என்ன செய்தோம்? மேலே கை வைத்துத் தள்ளினோமா? அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். இங்கேயும் அதே கதை. எவன் தாழ்ந்து போய் எதிரியின் நெஞ்சுக்குக் கீழே பிடிக்கிறானோ அவன் நகர்த்துவான். நிமிர்ந்து நிற்கிறவன் நூற்றைம்பது கிலோ இருந்தாலும் பின்னால்தான் போவான்.

அதிலும் ஒருவன் நகர்த்தினால் போதாது. பல ஆட்டங்களில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைத் தள்ள வேண்டும். அவன் அசைந்ததும் அந்த இருவரில் ஒருவன் விலகி, பின்னால் நிற்கும் அடுத்த எதிரியைப் போய்ப் பிடிக்க வேண்டும். எந்த இருவரில் எவன் விலகுவது, எப்போது விலகுவது? யாரும் வாய் திறந்து சொல்ல நேரமில்லை. பக்கத்தில் நிற்பவனின் தோள் அசைவிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அரை நொடி முன்னால் போனால் முதல் எதிரி தப்பிவிடுவான், அரை நொடி பிந்தினால் இரண்டாமவன் வந்துவிடுவான். கியர் டிரெயினில் ஒரு பல் உடைந்த மாதிரி. மற்ற நான்கு சக்கரமும் புத்தம் புதுசாக இருந்து என்ன பிரயோஜனம்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பதினொரு பேரில் பந்தோடு ஓடுகிறவன் யாரையும் தடுக்க மாட்டான். பந்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற குவார்ட்டர்பேக்கும் தடுப்பதில்லை. மிச்சம் ஒன்பது. எதிரணியிலோ பதினொரு பேரும் பிடிக்க வருகிறவர்கள். பந்தை எறிந்துவிடுவார்களோ என்ற பயம் எதிரிக்கு இருந்தால் அவன் ஆட்களை ஓரத்திலும் பின்னாலும் பரப்பி வைப்பான். 'இவனுக்கு எறியத் தெரியாது' என்று தெரிந்துவிட்டால் எட்டாவது ஆளையும் நடுவில் கொண்டுவந்து குவித்துவிடுவான். அப்புறம் எந்தச் சூரன் ஓடினாலும் சுவரில்தான் முட்டுவான்.

இந்தக் கழித்தல் கணக்கை ஜெயிக்க ஒரு பழைய வித்தை உண்டு. ஆப்ஷன் என்று பெயர். எதிரிகளில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் அவனையே பார்த்துக்கொண்டு போவான். அவன் ரன்னிங் பேக் பக்கம் சாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவான், தன் பக்கம் வந்தால் பந்தை அடுத்தவனிடம் தள்ளிவிடுவான். ஒருவன் மேலும் கை வைக்காமலே ஒருவனைக் கழித்தாகிவிட்டது! எலெக்ட்ரிக்கல்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், டூ வே சுவிட்ச்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். மக்காச்சோளம் விளையும் விவசாய மாநிலம். அணியின் பெயரே சோளக்கதிர் உரிப்பவர்கள் என்றுதான் அர்த்தம். டாம் ஆஸ்பர்ன் அங்கே 1973 முதல் 1997 வரை இருபத்தைந்து சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். லைன்மேன்களுக்குப் பயிற்சி கொடுத்த மில்ட் டெனோபிர் 1974-இல் சேர்ந்தவர், 2002 வரை அதே வேலை. 1969-லேயே பாய்ட் எப்லி என்பவரைப் பளுதூக்கும் பயிற்சிக்கென்று தனியாக நியமித்திருந்தார்கள். மற்ற கல்லூரிகள் 'வெயிட் தூக்கினால் பையன்கள் மந்தமாகிவிடுவார்கள்' என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

1995-ஆம் வருஷ அணியின் கணக்கைக் கேளுங்கள். பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டும் வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 400 கெஜம் ஓடியே சேர்த்தார்கள். ஒரு ஓட்டத்துக்கு 7 கெஜம்! 1996 ஜனவரி 2-ஆம் தேதி சாம்பியனைத் தீர்மானித்த ஆட்டத்தில் ஃபுளோரிடாவை 62-24 என்று துவைத்து எடுத்தார்கள். அன்று மட்டும் ஓட்டத்தில் 524 கெஜம். குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியர் ஆள் மேல் ஆள் விழுந்தும் உதறிக்கொண்டு 75 கெஜம் ஓடினதை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள்.

"பார்த்தியா, ஃப்ரேசியர் மாதிரி ஆளு வேணும்!" என்பார் எலெக்ட்ரிக்கல் நண்பர். ஐயா, ஃப்ரேசியர் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ குவார்ட்டர்பேக் வந்து போனார்கள். யார் வந்தாலும் அந்த அணி ஓடிக்கொண்டேதான் இருந்தது. காரணம் என்ன? எனக்குத் தெரிந்த பதில், வாக்-ஆன் பையன்கள்.

வாக்-ஆன் என்றால் அழைப்பு இல்லாமல், உதவித்தொகை இல்லாமல், தானாக வந்து அணியில் சேர்கிறவன். நம்ம லேட்டரல் என்ட்ரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! முன்வாசலில் அழைத்துப்போக ஆள் வரவில்லை, பக்கவாட்டுக் கதவால் வந்தவன். 1973-இல் ஒரு கல்லூரி 105 ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை தரலாம் என்று வரம்பு வைத்தார்கள். அது 1978-இல் 95 ஆயிற்று, 1994-இல் 85 ஆயிற்று. நெப்ராஸ்கா அத்தோடு நிற்கவில்லை. சின்னச் சின்ன விவசாய ஊர்களிலிருந்து சொந்தச் செலவில் படிக்க வந்த பையன்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரே நேரத்தில் மைதானத்தின் பல மூலைகளில் பயிற்சி நடக்கும். மூன்றாவது அணி, நான்காவது அணிப் பையனும் சும்மா கைகட்டி நிற்காமல் மோதிப் பழகுவான். முதல் வருஷம் ஒல்லிப் பயலாக வந்தவன் நாலாவது, ஐந்தாவது வருஷத்தில்தான் முதல் அணி லைன்மேனாக இறங்குவான். அதற்குள் பக்கத்தில் நிற்பவனின் தோள் அசைவு அவனுக்கு அத்துபடி.

ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வருஷம் அரத்தை வைத்துக்கொண்டு ஒரு எம்.எஸ். பிளேட்டை நாள்கணக்கில் ராவினோமே, நினைவிருக்கிறதா? "எதுக்கு சார் இது, மெஷின்ல போட்டா அஞ்சு நிமிஷம்" என்று கேட்காதவர் நம்மில் யார்? கை பழகுவதற்குத்தான் என்று வாத்தியார் சொன்னார். அப்போது எரிச்சலாக இருந்தது. அதே ராவல்தான் லைன்மேன் விளையாட்டு.

பிறகு என்ன நடந்தது? ஆஸ்பர்னுக்குப் பின் வந்தவர் அதே அணியில் ஆடி, அவரிடமே வேலை பார்த்த ஃபிராங்க் சோலிச். 2003-இல் ஒன்பது வெற்றி மூன்று தோல்வி என்ற நிலையில் இருந்தபோதே அவரை நீக்கினார்கள். 2004-இல் வந்த பில் கலஹான் ஆப்ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பந்தை எறியும் முறையைக் கொண்டுவந்தார். அந்த வருஷம் 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு தோல்வி மிகுந்த முதல் சீசன் அது. அதன் பின் பெலினி, ரைலி, ஃப்ராஸ்ட், 2023-இல் ரூல் என்று பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். 1962 முதல் அங்கே மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றுப்போகிறது. ஆக, பணமும் உண்டு, பாசமும் உண்டு. ஆனால் பழைய ஓட்டம் திரும்பவில்லை. ஆள் மாறும்போதெல்லாம் முறை மாறுகிறது. முறை மாறினால் எந்த மாதிரி லைன்மேன் வேண்டும் என்பதும் மாறுகிறது. மூன்றாம் வருஷம் படிக்கிறவனிடம் வந்து சிலபஸ் மாறிவிட்டது என்று சொன்னால் எப்படியிருக்கும்? நமக்குச் சொல்லவே வேண்டாம்!

"காலம் மாறிடுச்சுடா, இப்ப எல்லாரும் எறியறாங்க. எதிராளியும் வேகமாயிட்டான்" என்கிறார் நண்பர். அது உண்மைதான். ஆனால் 2023 நவம்பரில் மிச்சிகன் அணி பென் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே சந்தித்தபோது தொடர்ச்சியாக 32 முறை ஓட்டமாகவே ஆடி 24-15 என்று ஜெயித்தது. எதிரிக்குத் தெரியும் ஓடப்போகிறார்கள் என்று. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அதே அணி 2024 ஜனவரியில் இறுதியாட்டத்தில் 303 கெஜம் ஓடி சாம்பியன் ஆயிற்று. அதைவிட எனக்குப் பிடித்தது ராணுவக் கல்லூரி அணியான ஆர்மி. அங்கே லைன்மேன்கள் மற்ற கல்லூரிப் பையன்களைவிட உருவத்தில் சிறியவர்கள். படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் பணி செய்தாக வேண்டும், ஆகவே பெரிய நட்சத்திரங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 2024-இல் நாட்டிலேயே அதிகமாக ஓட்டத்தில் கெஜம் சேர்த்த அணி அதுதான்! ஐந்து லைன்மேன்களையும் சேர்த்து ஒரே குழுவாகக் கொடுக்கும் ஜோ மூர் விருதும் அந்த வருஷம் அவர்களுக்கே போனது.

புள்ளிவிவரம் வேறு பழியைத் தவறான ஆள் மேல் போடுகிறது. கல்லூரி ஆட்டத்தில், எறிவதற்காகப் பின்னால் போன குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தினால் அவன் இழந்த கெஜத்தை ஓட்டக் கணக்கிலேயே கழிக்கிறார்கள். தொழில்முறை லீகில் அப்படிச் செய்வதில்லை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ரன்னிங் பேக் 30 முறை ஓடி 120 கெஜம் எடுக்கிறான், சராசரி 4. குவார்ட்டர்பேக் 4 முறை விழுந்து 30 கெஜம் போகிறது. மறுநாள் பேப்பரில் 34 ஓட்டம், 90 கெஜம் என்று வரும். சராசரி 2.6! எறிகிற ஆட்டத்தின் நஷ்டம் ஓடுகிற ஆட்டத்தின் தலையில். அதற்கும் திட்டு வாங்குவது ரன்னிங் பேக். தடுக்கத் தவறிய லைன்மேன் பெயர் இந்தக் கணக்கில் எங்குமே வராது. ஜெயித்தபோதும்தான் வராது.

என் பயமெல்லாம் இனிமேல் நடக்கப்போவது பற்றி. 2021 முதல் ஆட்டக்காரன் ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024-இல் எத்தனை முறை மாறினாலும் சரி என்றாகிவிட்டது. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு கல்லூரி மாறலாமாம், பையன் மட்டும் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்க வேண்டுமாம்! 2025 முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றானதும் நியாயம்தான். ஆனால் பணம் கொடுத்து ஐந்து நல்ல லைன்மேன்களை ஜனவரியில் வாங்கிவிட்டு செப்டம்பரில் ஒரே இயந்திரமாக ஓடு என்றால் ஓடுமா?

அந்த 2025 உடன்பாட்டிலேயே இன்னொரு ஷரத்தும் வந்தது. உதவித்தொகை வரம்பை எடுத்துவிட்டு, அணியில் மொத்தமே 105 பேர்தான் என்று வைத்துவிட்டார்கள். கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். அதனால் வெளியே போகிறவன் யார்? பணம் வாங்காமல், சொந்தச் செலவில் வந்து, நாலாவது அணியில் நின்று, ஐந்தாவது வருஷம் நமக்கும் ஒரு இடம் கிடைக்கும் என்று மோதிக்கொண்டிருந்தானே, அவன்தான். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். புதிதாகப் பள்ளி முடித்து வருகிற விவசாயி மகனுக்கு அது கிடையாது.

என்னைக் கேட்டால் இரண்டு காரியம் செய்வேன். குவார்ட்டர்பேக் விழுந்த கணக்கை ஓட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக எழுதச் சொல்வேன். சொந்தச் செலவில் வருகிற பையன்களை அந்த 105-இல் சேர்க்கக்கூடாது என்பேன். அணியில் இருந்தால் அவனுக்குச் சாப்பாடு, வைத்தியம், கவசம் எல்லாம் செலவுதானே என்று எலெக்ட்ரிக்கல் நண்பர் கேட்கிறார். செலவுதான். ஒரு பயிற்சியாளரைப் பாதியில் நீக்கிவிட்டுக் கொடுக்கிற நஷ்டஈட்டில் எத்தனை பையன்களுக்கு எத்தனை வருஷம் சோறு போடலாம் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.