சலூனில் நடந்த சஞ்சிகையும் நம் கையிலுள்ள பத்திரிகையும்

2021 ஜனவரி 28ஆம் திகதி, 93 வயதான ஒருவர் கொழும்பில் காலமானார். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக மலையகம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த வாரமே, பெப்ரவரி 5ஆம் திகதி, நம்மவர்கள் வேலைக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தப் பரபரப்பில் அவருடைய மரணச் செய்தி நம் லயங்களை எட்டவில்லை. எட்டியிருக்க வேண்டிய செய்தி அது. ஏனென்றால் அவர் நம்மைப்போல் கையால் உழைத்துச் சாப்பிட்டவர். அந்த உழைப்பிலிருந்தே 46 ஆண்டுகள் ஒரு சஞ்சிகையை நடத்தியவர்.

அவர் பெயர் டொமினிக் ஜீவா. சஞ்சிகையின் பெயர் 'மல்லிகை'.

ஜீவா 1927இல் யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் அவருடைய சாதித் தொழிலைச் சொல்லி எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் இழிவாகப் பேசினார். பையன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இதைத் தம்முடைய வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

இதை வாசிக்கும்போது நம்மில் பலருக்குச் சொந்தக் கதை ஞாபகம் வரும். "நீ கொழுந்து பறிக்கத்தானே போகப்போகிறாய், உனக்கு எதற்குப் படிப்பு" என்று கேட்ட வாய்கள் நம் பக்கத்திலும் இருந்தன. ஊர் வேறு, தொழில் வேறு, பேச்சு ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தை விட்ட பையன் தகப்பனாரின் சலூனில் வேலைக்கு நின்றான். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த அந்த ஜோசப் சலூன்தான் அவருக்குப் பள்ளிக்கூடமும் வாசிகசாலையும். முடிவெட்ட வருபவர்களுக்காக வாங்கிப் போடும் பத்திரிகைகளை வாசித்தார். வந்தவர்கள் பேசியதைக் கேட்டார். பொதுவுடைமைக் கட்சித் தோழர்களின் பழக்கம் கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த தோழர் ப. ஜீவானந்தத்தைச் சந்தித்தார். வெறும் டொமினிக்காக இருந்தவர் டொமினிக் ஜீவா ஆனது அதற்குப் பிறகுதான். சிறுகதைகள் எழுதினார். 1960இல் வந்த 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. வகுப்பறையில் இருக்கத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவருக்கு அரசாங்கம் கொடுத்த பரிசு!

அத்தோடு நின்றிருந்தால் அவர் ஓர் எழுத்தாளர் மட்டுமே. 1966 ஆகஸ்டில் அவர் 'மல்லிகை'யைத் தொடங்கினார். அப்போது யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின்மேல் பொலிஸ் தடியடி விழுந்தது. இப்படிப்பட்ட காலத்தில், தன் தொழிலை மறைக்காமல், சலூனையே காரியாலயமாக வைத்து ஒரு மனிதர் சஞ்சிகை நடத்தினார் என்பதை யோசித்துப் பாருங்கள். பேராசிரியர்களும் புலவர்களும் தங்கள் எழுத்து அச்சில் வர வேண்டும் என்றால் அந்தச் சலூன் படியேறித்தான் வர வேண்டியிருந்தது.

பத்திரிகை நடத்துவது என்றால் எழுதுவது மட்டும் என்று நாம் நினைக்கிறோம். எழுதுவது அதில் சின்னப் பங்கு. அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஈய எழுத்தையும் கையால் பொறுக்கி அடுக்க வேண்டும். ஒரு பக்கம் அடுக்கி முடிய அச்சுக்கோப்பாளருக்கு முதுகு ஒடிந்துவிடும். புரூப் எடுத்துப் பிழை திருத்தி, அச்சடித்து முடிந்ததும் அத்தனை எழுத்தையும் கழற்றித் திரும்பப் பெட்டியில் போட வேண்டும். அப்போதுதான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்கும். பிறகு கடதாசிக்காரருக்குக் காசு, மைக்குக் காசு, தபாலுக்குக் காசு. கடைக்காரர்களிடம் விற்ற காசை வாங்க நடையாய் நடக்க வேண்டும். ஜீவா கடைக்காரர்களை நம்பிக்கொண்டிருக்கவில்லை. பையில் பிரதிகளைப் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் போய் ஆளைப் பார்த்துக் கையில் கொடுத்துக் காசு வாங்கினார். ஓர் இலக்கியக்காரர் இப்படித் தெருவில் கூவி விற்கலாமா என்று சிரித்தவர்கள் உண்டு. உழைத்து வாழ்ந்தவருக்கு அது வெட்கமாகத் தெரியவில்லை. வியர்வை சிந்தி விளைவித்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதில் என்ன வெட்கம்?

யுத்தம் வந்தது. 1990களின் முதற் பகுதியில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் அச்சுக் கடதாசி இல்லை. பிள்ளைகளின் கொப்பிக் கடதாசியில், கோடுகளுக்கு மேலே பத்திரிகை அச்சடித்த காலம் அது. பிறகு ஜீவா கொழும்புக்கு வந்தார். 'மல்லிகை'யும் கூடவே வந்தது. 2012இல் நிற்கும்போது நானூறு இதழ்களைத் தாண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்காக உயிரே போனது. 2006 மே 2ஆம் திகதி இரவு 'உதயன்' காரியாலயத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டார்கள். இறந்த இருவரும் செய்தி எழுதியவர்கள் அல்லர். விற்பனையிலும் விநியோகத்திலும் வேலை செய்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பத்திரிகையை ஏற்றிச் சென்ற சாரதி ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகைச் சுதந்திரம் என்று பேசும்போது ஆசிரியர்களின் பெயர்தான் வெளியே வரும். அதைச் சுமந்த தொழிலாளியின் பெயரைத் தொழிற்சங்கம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இது யாழ்ப்பாணத்துக் கதை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நம்மைத் 'தோட்டக்காட்டான்' என்று சொன்ன வாய்களில் வடக்கின் வாய்களும் உண்டு. நம் குடியுரிமை பறிபோன 1948, 1949ஆம் ஆண்டுகளில் வடக்கின் தலைவர்கள் எல்லோரும் ஒரே குரலில் நமக்காக நிற்கவில்லை. அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மை இழிவாகப் பேசிய அதே மேட்டிமைதான் ஜீவாவையும் வகுப்பறையிலிருந்து விரட்டியது. வடக்கில் நமக்கு உறவு தேடுவதென்றால் அந்த மேட்டிமையின் மடியில் தேடக்கூடாது, இப்படிப்பட்ட சலூனில் தேட வேண்டும்.

நம்மிடமும் இந்த மரபு இருந்தது. கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரியாகப் போய் லயங்களைப் பார்த்தார். பார்த்ததை அச்சில் ஏற்றினார். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். அட்டனைத் தளமாக வைத்துத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தது 1931இல். கணக்கைப் பாருங்கள்: முதலில் பத்திரிகை, பிறகுதான் சங்கம். மீனாட்சி அம்மை பாட்டுக்களை எழுதித் தோட்டம் தோட்டமாகப் பாடினார், அவை அச்சாகியும் வந்தன. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

தோட்டத்திலிருந்தே எழுதியவர்களும் நமக்கு உண்டு. தலவாக்கலையின் மல்லிகை சி. குமார் பெயரிலுள்ள மல்லிகை, ஜீவாவின் சஞ்சிகை அன்று. அது பெரிய மல்லிகைப்பூத் தோட்டத்தின் பெயர். பிறந்த தோட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுதிய மனிதர் அவர்.

ஜீவாவிடமும் நடேசய்யரிடமும் ஒரு குறையையும் பார்க்கிறேன். குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆனாலும் பாடம் படிக்க வேண்டும். இருவரும் தனியாளாகச் சுமந்தார்கள். ஜீவாவுக்கு முதுமை வந்ததும் 'மல்லிகை' நின்றது. நடேசய்யரின் பத்திரிகைகளும் அவரோடு போயின. ஒருவர் தோளில் நிற்கும் பத்திரிகை அந்தத் தோள் தளர்ந்ததும் விழுந்துவிடும். பல தோள்கள் சேர்ந்தது சங்கம். தனி மனிதரால் முடியாததைச் சங்கத்தால் செய்ய முடிய வேண்டும்.

முடிகிறதா? உள்ளதைச் சொல்வோம். சங்கப் பத்திரிகைகளைப் புரட்டினால் தலைவருக்கு மாலை போடும் படம், தலைவர் அமைச்சரைச் சந்திக்கும் படம், தலைவர் அடிக்கல் நாட்டும் படம். நாள் முழுதும் மலையில் நின்ற தங்கச்சியின் கொழுந்திலிருந்து தராசடியில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்ற கணக்கு எங்கே? 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். எந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ, என்றிலிருந்து, யார் சொன்னது என்று திகதியோடு அச்சில் இருந்திருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அது ஓர் ஆயுதம். வாய்ப்பேச்சுக்குத் துரைமார் பதில் சொல்ல மாட்டார்கள்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, பத்திரிகை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போனில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்று போட்டது நாளை கீழே போய்விடும். ஊழியர் சேமலாப நிதியில் பிழை கண்டு பத்து வருடம் கழித்து வழக்குப் பேசும்போது அதைத் தேடி எடுக்க முடியுமா? அச்சடித்த தாள் கோயில் பெட்டியிலும் வீட்டு இறப்பிலும் கிடக்கும். பேரன் எடுத்து வாசிப்பான்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். ஒவ்வொரு தோட்டக் கிளையும் மாதம் ஒரு கடிதம் எழுதட்டும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவருக்குச் சம்பளம் கிடைத்ததா, பிள்ளை மடுவத்துக் கூரை ஒழுகுகிறதா, அதை எழுதுங்கள். தலைவர்களின் படத்துக்குப் போகும் இடத்தில் பாதியை அந்தக் கடிதங்களுக்கு விடச் சொல்லி நம் சங்கத்திடமே கேட்போம். மூன்றாவது, பத்திரிகையைச் சும்மா வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்குங்கள். காசு கொடுத்தவருக்குத்தான் "என் கடிதம் ஏன் வரவில்லை" என்று கேட்கத் தைரியம் வரும். வாசிக்கத் தெரியாத ஆத்தாமாருக்குக் கிளைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை நின்று வாசித்துக் காட்டட்டும்.

எழுத்துப் பிழை வருமே என்று தயங்க வேண்டாம். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்தான் நானூறு இதழ் கொண்டுவந்தார். நீங்கள் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பிழை திருத்த நாங்கள் இருக்கிறோம்.