யார் அயலார்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஒரு நாடு என்றால் அதற்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்பது ஒரு முழக்கம். அனுமதியின்றி நுழைந்தவர் வெளியேற வேண்டும் என்பது மற்றொரு முழக்கம். இவ்விரண்டும் இன்று உலகெங்கும் கைகோத்து நடக்கின்றன. விடுதலை பெற்ற நாள் முதல் நாடு முழுமைக்கும் ஆட்சிமொழி என்று ஒன்றை அறிவிக்காமலேயே வாழ்ந்து வந்த அமெரிக்கா, 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் இட்ட ஆணையால் ஆங்கிலத்தை ஆட்சிமொழி என அறிவித்தது. அனுமதியற்ற குடியேறிகளை நாடு கடத்துவதைத் தன் தலையாய பணியாகக் கொண்டதும் அதே ஆட்சிதான். நம் நாட்டிலும் தேநீர்க்கடை பெஞ்சு முதல் நாடாளுமன்றம் வரை இவ்விரு பேச்சுகளும் ஒலிக்கின்றன.

எல்லையைக் காக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், மொழியை அளவுகோலாக வைத்து "இவர் நம்மவர், அவர் அயலார்" என்று பிரித்தால் என்ன விளையும்? இதை அறிய நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கு அப்பால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் இலங்கை. அங்கிருந்து வந்தவர்கள் வாழும் முகாம் ஒன்று நம் பகுதியில் குல்லூர்சந்தையிலேயே இருக்கிறது. எனவே நம் கண்ணெதிரே உள்ள வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

ஒரே மொழி தந்த பரிசு

1956ஆம் ஆண்டு பண்டாரநாயக்கா அரசு சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரே மொழி நாட்டை ஒன்றாக்கும் என்பதே அதை ஆதரித்தோர் வாதம். இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாக இருக்கும், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். கேட்பாரில்லை. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்பாடு அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியாகத் தமிழும் ஆட்சிமொழி என்று ஏற்கப்பட்டபோது போர் மூண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அது 2009 வரை நீடித்தது. ஒன்றாக்க வந்த மொழிச் சட்டம் நாட்டை உடைக்கும் கோடரியாயிற்று என்பதை யாரே மறுக்க முடியும்?

நம் அரசியலமைப்பை இயற்றியவர்கள் இவ்வகையில் தொலைநோக்கு உடையவர்கள் எனலாம். "தேசிய மொழி" என்று எந்த ஒரு மொழியையும் அவர்கள் குறிக்கவில்லை. 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சிமொழி என்று மட்டுமே சொல்கிறது. எட்டாம் அட்டவணையில் இன்று 22 மொழிகள் உள்ளன. 1965இல் தமிழக மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலத்தின் தொடர்ச்சி உறுதியாயிற்று. இந்தியா உடைந்துவிடவில்லை, விட்டுக்கொடுத்ததால் வலுப்பெற்றது.

பங்கிடப்பட்ட மக்கள்

இலங்கை மொழியால் மட்டுமன்றிக் குடியுரிமையாலும் மக்களைப் பிரித்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தவர்கள் யார்? பழைய இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள். நம் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் பஞ்சம் பிழைக்கப் போனவர்களை "கண்டிச்சீமைக்குப் போனவர்கள்" என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் இன்றும் சொல்வார்கள். மண்டபத்து முகாம், அப்படிப் போனவர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்து, பிறகு கப்பல் ஏற்றிய இடம். அதே மண்டபம் பின்னாளில் திரும்பி வந்தவர்களுக்கும், அகதிகளுக்கும் முகாமாயிற்று. என்னே விதியின் விளையாட்டு!

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டனர். மூட்டைகளைப் பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள்! அந்த மனிதர்களைக் கேட்டார்களா?

தமிழ் பேசியும் அயலார்

1983 முதல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் படகேறித் தமிழகம் வந்தனர். பலர் திரும்பிச் சென்றனர்; வேறு நாடுகளுக்குப் போனவர்களும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் எஞ்சியோரில் ஒரு பெரும்பகுதியினர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் பேசுவது தமிழ். படித்தது நாம் படித்த சமச்சீர் பாடநூல். ஆயினும் சட்டம் அவர்களைச் "சட்டவிரோதக் குடியேறி" என்கிறது.

இது எப்படி? 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவருக்கோ, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலே போதும், கதவு அடைபடும். இந்தத் திருத்தம் 2003ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே 2003இல்தான் இலங்கை, தன்னிடம் எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றியது. விரட்டிய நாடு கதவைத் திறந்த ஆண்டில் அடைக்கலம் தந்த நாடு கதவைச் சாத்தியது!

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழிவிட்டது. இலங்கை அதில் இல்லை.

என் பாட்டியின் பெரியப்பா கண்டிச்சீமைக்குப் போனவர். பிறகு தகவல் இல்லை. அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவன் இன்று ஏதோ ஒரு முகாமில் இருக்கக்கூடும். அவனுக்கும் என்னைப்போல் இருபது வயது இருக்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் முதல் வாக்காளர் அட்டை வரை எனக்குக் கிடைத்தன. அவன் எவ்வளவு படித்தாலும் வாக்கு இல்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. எங்களுக்குள் வேறுபாடு என்ன? ஒருவரின் முன்னோர் கப்பல் ஏறினார். மற்றவரின் முன்னோர் தறிக்குழியில் அமர்ந்துவிட்டார். அவ்வளவே.

மறுப்போர் வாதம்

"கடவுச்சீட்டின்றி வந்தவர்களுக்குக் குடியுரிமை தந்தால் எல்லோரும் வரமாட்டார்களா?" என்பர். 2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதியே, உலகெங்குமிருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்மசாலை அன்று என்று கூறினார். இக்கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இவர்கள் இருட்டில் நுழைந்து ஒளிந்தவர்களா? அரசே கரையில் வரவேற்றது, பெயரைப் பதிந்தது, அரிசியும் உதவித்தொகையும் தந்தது. நாற்பது ஆண்டுகள் அரசின் பதிவேட்டில் இருப்பவர் எப்படிக் களவாக வந்தவர் ஆவார்?

"போர் முடிந்துவிட்டதே, திரும்பட்டும்" என்பர். விரும்புவோர் திரும்பட்டும், அதற்கு அரசுகள் உதவட்டும். இங்கே பிறந்தவன் எங்கே "திரும்புவது"? முகாம்களில் இருப்போருள் இந்திய வம்சாவளி மலையகத்தாரும் உண்டு. அவர்கள் வழக்கில், குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் ஆணையிட்டது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றத்தை நாடிக் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். ஒருவருக்குக் கிடைத்த நியாயம் ஏனையோருக்கும் கிடைக்க வழி பிறக்க வேண்டாமா? 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்களித்தது. நல்ல தொடக்கம். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு.

நம் வாசலிலும் அதே அளவுகோல்

நண்பர்களே, இதுவரை சொன்னதற்கு நீங்கள் கைதட்டக்கூடும். இனிச் சொல்வது சற்றே கசக்கும். நம் பகுதி நூற்பாலைகளிலும், கட்டட வேலைகளிலும், உணவகங்களிலும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் மாணவர் சிலர் பேசும் பேச்சு என்ன? "வடக்கன்கள் வந்து குவிந்துவிட்டான்கள்!" அவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள். எங்கும் சென்று வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அவர்களுக்குத் தருகிறது. இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் கொள்கை, நானும் எதிர்க்கிறேன். ஆனால் இந்தி பேசும் ஏழையை வெறுப்பது கொள்கை ஆகாது. சட்டம் இயற்றியவர் வேறு, சாந்துச்சட்டி சுமப்பவர் வேறு.

1966இல் தோன்றிய சிவசேனா, பம்பாயில் தமிழர் உள்ளிட்ட தென்னகத்தாரை விரட்டக் கிளம்பியதை நாம் மறக்கலாமா? 2025இல் வட மாநிலங்கள் சிலவற்றில், வங்காளம் பேசினார்கள் என்பதாலேயே இந்தியத் தொழிலாளர்கள் வங்கதேசத்தவரோ என்று ஐயுற்றுப் பிடித்து வைக்கப்பட்டார்கள். மொழியைக் கேட்டு அயலாரைக் கண்டுபிடிக்கப் புகுந்தால் சொந்த நாட்டவரே அகப்படுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முடிவாக

தமிழ் பேசுபவர் இங்கே அயலாராக இருக்கிறார். தமிழறியாதவர் இங்கே குடிமகனாக இருக்கிறார். எனவே மொழி குடியுரிமைக்கு அளவுகோல் அன்று. பிறந்த மண், வாழ்ந்த காலம், உழைத்த உழைப்பு, கொடுத்த வாக்குறுதி ஆகியவையே அளவுகோலாதல் தகும். முகாமில் பிறந்தோருக்கும், பதிவு பெற்று நெடுங்காலம் வாழ்ந்தோருக்கும் குடியுரிமை பெற நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும். 1964இல் நாடு கொடுத்த வாக்கை நாடு காப்பாற்ற வேண்டும். எந்த மொழியையும் தேசிய மொழி என்று எவர் தலையிலும் சுமத்தலாகாது.

இவை அரசின் கடமைகள். நம் கடமையும் ஒன்று உண்டு. 2021இல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பலகையில் மாறிய சொல் நம் நாவிலும் மாற வேண்டும். "அகதி" என்றும் "வடக்கன்" என்றும் இழித்துரைக்கும் வழக்கம் கற்றவர் நடுவே ஒழியட்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டியதில்லை. நாளைக் காலை வகுப்பறையிலேயே தொடங்கலாம்!