கலாநிதிக்குப் பிறகு ஏணியில் ஒரு படி இல்ல

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிடம் ஊரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "முடிச்சா என்ன வேலை?" டிகிரிக்கே பதில் இல்லாத நேரத்தில், கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு என்ன என்று நாங்கள் கேட்டால் சிரிப்பாங்க. ஆனாலும் கேட்கத்தான் வேணும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'போஸ்ட்டொக்' என்று ஒரு படி இருக்கு. அது இன்னொரு பட்டம் இல்ல, வேலை. பீஎச்டி முடிச்சவருக்குச் சில வருஷம் காசு கொடுத்து ஆய்வு செய்ய விடுறாங்க. ஆய்வேட்டைப் புத்தகமாக்குவதும் அடுத்த ஆய்வைத் தொடங்குவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

எங்கட நாட்டுக் கலைப்பீடங்களின் ஏணி வேற மாதிரி. நல்ல வகுப்பு எடுத்தவர் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, பிறகு கற்கை விடுமுறையில் போய்க் கலாநிதியாகித் திரும்புவார். முதலில் வேலை, பிறகு பட்டம். இந்த ஏணி நல்ல அறிஞர்களைத் தந்திருக்கு, மறுக்கல்ல. ஆனா வேலை கிடைக்காமலே, பாடசாலையில் படிப்பிச்சுக்கொண்டு பீஎச்டி முடிச்ச ஒருவர் எங்கே நிற்பார்? வருகைதரு விரிவுரையும் டியூஷனும்தான் மிச்சம்.

வெளியில் வழி இருக்கு. ஜேர்மனியின் ஹம்போல்ட் புலமைப்பரிசில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி புலமைப்பரிசில் இரண்டுக்கும் இலங்கையரும் விண்ணப்பிக்கலாம். தமிழ், வரலாறு, சமூகவியல் எல்லாம் அடங்கும். ஆனா விண்ணப்பத்துக்கு முதலே, உங்களை ஏற்கிற ஒரு பேராசிரியர் அங்கே வேணும். அவருடைய கட்டுரைகளை வாசிச்சு, உங்கட ஆய்வுக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, நீங்களாகவே மின்னஞ்சல் அனுப்பணும். விளம்பரத்துக்குக் காத்திருந்தா காலம் போயிரும். இது வாய்வழியாகப் பரவுற அறிவு. சொல்லித் தர ஒரு அக்காவோ அண்ணாவோ இல்லாத, வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸ் வந்த பிள்ளைக்கு யார் சொல்வது?

வத்தேகமையிலிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கம் போனால் தோட்டங்கள்தான். 2023இல் மலையகம் 200 என்று கூட்டம் போட்டோம், ஊர்வலம் போனோம். அந்த 200 வருஷத்தை ஆவணங்களோடும் லயத்து மூத்தவர்களின் நினைவுகளோடும் எழுத முழுநேரம் வேணும். பாடசாலை விட்டு வந்து இரவில் எழுதி முடிக்கிற வேலையா அது? ஆவணம் காத்திருக்கும், மூத்தவர்கள் காத்திருக்க மாட்டாங்க.

"நாட்டில காசு இல்ல" என்பாங்க. 2022ஐப் பார்த்தவர்கள் நாங்கள், அது தெரியும். எல்லாத்தையும் ஒரே நாளில் கேட்கல. ஒவ்வொரு கலைப்பீடத்திலும் இரண்டு வருஷத்துக்கு இரண்டே இரண்டு ஆய்வுப் பதவி. நிரந்தர வேலை இல்லாத கலாநிதிகளுக்கு மட்டும், திறந்த போட்டியில். நிரப்பாமல் கிடக்கிற விரிவுரையாளர் வெற்றிடங்களின் சம்பளத்திலிருந்து தொடங்கலாம்.

இன்னொன்றுக்குச் சதமும் செலவில்ல. இறுதி வருஷ மாணவருக்கு ஒரு பின்னேரம், பேராசிரியருக்கு எப்படி மெயில் எழுதுறது என்று யாராவது சொல்லிக் கொடுங்க.