கதவை அடிச்சுச் சாத்துறவங்க கவனத்துக்கு

அப்பாவோட 86 மாடல் பத்மினியைப் பத்தி ஏற்கெனவே ரெண்டு மூணு தடவை இங்க புலம்பியிருக்கேன். இன்னிக்குப் புலம்பல் இல்ல, சண்டை. பழைய கார் வெச்சிருக்கிற நம்மாளுங்க எல்லார்கிட்டயும்தான். மொத சண்டை என்கிட்டயே.

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ குடும்பத்தோட கோயிலுக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். பின்னாடி அம்மா, அக்கா, இடது ஓரத்துல அக்கா பொண்ணு. வலது பக்கம் ஒரு திருப்பம். பெரிய வேகம்கூட இல்ல, முப்பது இருந்தா ஜாஸ்தி. திரும்புறப்போ எல்லாரும் இடது பக்கம் சாயுவோம் இல்லையா, அந்தக் குட்டி கதவுமேல சாஞ்சா. கதவு 'டப்'புனு திறந்துடுச்சு. அம்மா அவ கவுனைப் பிடிச்சு இழுத்ததால இந்தப் பதிவை நான் எழுதிட்டிருக்கேன். அதுக்குமேல அதைப் பத்தி எழுத இப்பவும் கை வரல.

ராத்திரி தூக்கம் வரல. காரணம் பயம் மட்டும் இல்ல. அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் இதே வண்டிக்கு நாப்பதாயிரம் செலவு பண்ணி பெயிண்ட் அடிச்சிருந்தேன். பம்பருக்குக் குரோம் முலாம். ஃபோட்டோ எடுத்துப் போட்டு நீங்கள்லாம் 'சூப்பர் தல'ன்னு பின்னூட்டம் வேற போட்டீங்க. அந்தக் கதவு வருஷக்கணக்கா சரியாப் பூட்டலைன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். "நல்லா அடிச்சுச் சாத்து"ன்னு ஏறுற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவோம். நாங்க செஞ்ச ஒரே ரிப்பேர் அந்த வாக்கியம்தான்.

"அந்தக் காலத்து வண்டி, அப்படித்தாங்க இருக்கும்"னு சொல்லாதீங்க. ஃபேக்டரியில இருந்து வெளிய வந்தப்போ அது அப்படி இல்ல. பெரும்பாலான கார் லாக்குல ரெண்டு படி உண்டு. சாத்தும்போது மொத ஒரு 'டிக்', அது பாதிப் பூட்டு. அப்புறம் ஒரு 'டக்', அது முழுப் பூட்டு. மொத படி எதுக்குன்னா, கதவு முழுசாச் சாத்தலைன்னாலும் ஓடுற வண்டியில பிடிச்சு நிறுத்தத்தான். எங்க வண்டியில ஒரே ஒரு சத்தம்தான் வந்துட்டிருந்தது. பாதிப் பூட்டுலயே ஓடிட்டிருந்திருக்கோம், அதுவும் தேஞ்ச பாதிப் பூட்டு.

இது சின்ன சமாச்சாரம்னு உலகத்துல யாரும் நினைக்கல. பத்மினியோட மூலமான ஃபியட் 1100 இத்தாலியில 1953ல வந்தது. 1959லயே மெர்சிடிஸ் ரெண்டு படி வெச்ச பாதுகாப்புப் பூட்டோட கார் வித்தாங்க. அமெரிக்காவுல 1968ல இருந்து கதவுப் பூட்டுக்குன்னே தனித் தரம் கட்டாயமாச்சு. விபத்துல கதவு திறந்து வெளிய விழுறவங்களுக்குத்தான் உயிர்ச்சேதம் அதிகம்னு அப்பவே புரிஞ்சுடுச்சு. எங்க வண்டியில பின் சீட்டுக்கு பெல்ட்டே கிடையாது. அப்போ பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு அந்தக் கதவுதான் பெல்ட்டு.

சரி, ரிப்பேருக்கு வருவோம்.

நான் பண்ணின மொத காரியம், ஒரு வார லீவு கேட்டு வாங்கினது. ரெண்டாவது, புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய டோர் லாக் வாங்கினது. ரெண்டாவது தப்பு. மாட்டினேன், ரெண்டு நாள் நல்லா இருந்தது, மூணாம் நாள் மறுபடியும் பழைய கதை. அப்புறம்தான் எங்க ஊர் டிங்கர் மேஸ்திரிகிட்ட போனேன். அவர் லாக்கைத் தொடவே இல்ல. கதவைப் பாதி திறந்து, கைப்பிடி ஓரத்துல ரெண்டு கையையும் கொடுத்து மேல தூக்கினார். கதவு 'லொடக்'குனு மேல போய் கீழ வந்தது.

"தம்பி, லாக்கு என்ன பாவம் பண்ணுச்சு? கீல் போயிருக்கு பாருங்க."

கணக்குப் போட்டுப் பாத்தேன் (நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதாவது!). கதவோட நீளம், மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் உள்ள இடைவெளியைப் போல ரெண்டரை மடங்குன்னு வெச்சுக்குங்க. கீல் பின்ல அரை மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தா, பூட்டுப் பக்கம் கதவு ஒண்ணேகால் மில்லிமீட்டர் தொங்கும். தொங்கின லாக் நேரா உள்ள போகாம தூண்ல இருக்கிற ஸ்ட்ரைக்கர்ல இடிக்கும். இடிச்சு இடிச்சு ரெண்டும் தேயும். தேஞ்சா பூட்டாது. பூட்டலைன்னா அடிச்சுச் சாத்துவோம். அடிச்சுச் சாத்தினா கீல் இன்னும் தேயும். சுத்திச் சுத்தி வருதா? எங்க ஆபீஸ்ல பக் வந்த இடத்துலயே ஒரு இஃப் கண்டிஷனைப் போட்டு மூடிட்டு வீட்டுக்குப் போறவனை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! புது லாக் வாங்கினப்போ நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன் :-)

மேஸ்திரி சொன்ன வரிசை இது. மொத கீல். பழைய பின்னைத் தட்டி எடுத்து, ஓட்டையை ரீமர் போட்டு வட்டமாக்கி, அதுக்குத் தகுந்தாப்ல கொஞ்சம் தடிமனான பின் லேத்துல கடைஞ்சு போட்டோம். அடுத்தது கதவோட இடைவெளி சுத்தியும் ஒரே சீரா இருக்கான்னு பாக்கணும். அப்புறம்தான் லாக். டோர் பேடைக் கழட்டி, ராடுகளை விடுவிச்சு வெளிய எடுத்து, ராத்திரி பூரா மண்ணெண்ணெயில ஊறப் போட்டோம். காலைல பாத்தா முப்பது வருஷத்துத் தூசியும் கிரீஸும் தார் மாதிரி கரைஞ்சு கிடந்தது. எங்க பழைய லாக்குல பாதிக் கோளாறு அந்த அழுக்குதான். நாக்கு திரும்பி வரவே இடமில்ல. ஸ்பிரிங் மட்டும் மாத்தினோம்.

கடைசியாத்தான் ஸ்ட்ரைக்கர். கழட்டுறதுக்கு முன்னாடி அது உக்காந்திருக்கிற இடத்தைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டுக்குங்க, இல்லைன்னா அப்புறம் தேடிட்டே இருப்பீங்க. எண்ணெயில குழைச்ச குங்குமத்தை அதுமேல மெலிசாத் தடவிட்டு மெதுவாச் சாத்தித் திறந்தா, லாக் எங்க படுதுன்னு தெரியும். நடுவுல பட்டா சரி. மேலயோ கீழயோ பட்டா துளித்துளியா நகர்த்தணும். பீடிங் ரப்பர் புதுசா, தடிமனாப் போட்டிருந்தாலும் கதவு உதைக்கும், அதையும் பாத்துக்குங்க.

தேஞ்ச நாக்கை வெல்டு வெச்சு அரம் போட்டுச் சரி பண்ணலாம்னு சிலர் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அந்த உருக்கு சூட்டுல பதம் போயிடும், சீக்கிரமே மறுபடி தேயும். நாக்கு முனை மழுங்கியிருந்தா, தேயாத லாக் ஒண்ணைத் தேடி மாத்துறதுதான் மரியாதை. கீலை ரிப்பேர் பண்ணுங்க, நாக்கை மாத்துங்க.

நாலு கதவுக்கும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் ஆச்சு. பெயிண்டுக்குக் கொடுத்ததுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல.

அதனால என் கட்சி இதான் மக்கா. பழைய வண்டியில போடுற மொத காசு கதவுக்குப் போகணும். பளபளப்பு அப்புறம். மும்பையில டாக்ஸியா ஓடின கடைசிப் பத்மினிகளும் 2023 அக்டோபரோட நின்னு போச்சு. இனி இந்த வண்டியெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்க வீட்டுல மட்டும்தான் ஓடப் போகுது. வேடிக்கை பாக்க நிறுத்தி வைக்கிறதா இருந்தா எப்படியோ போகட்டும். குழந்தைங்களை ஏத்துறோம்னா, இந்த வாரமே கதவைப் பாதி திறந்து தூக்கிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

பொங்கலுக்குப் போயிருந்தப்போ அக்கா பொண்ணு பழக்கதோஷத்துல ரெண்டு கையாலயும் இழுத்து அடிச்சுச் சாத்தினா. தெருவே திரும்பிப் பாத்துச்சு. "ஒரு விரல் போதும்டா கண்ணு"ன்னு அப்பா சொன்னார். அவ நம்பல. திறந்து, ஒரு விரலால தள்ளினா. டிக். டக். அன்னிக்கு அதையே ஒரு இருபது தடவை பண்ணினா. யாரும் திட்டல.

டிஸ்கி: பெயிண்ட் ஃபோட்டோவுக்கு 'சூப்பர்' போட்டவங்க எல்லாரும் அவங்கவங்க வண்டிக் கதவைத் தூக்கிப் பாத்துட்டு வந்து பின்னூட்டம் போடவும். தூக்கிப் பாக்காதவங்க பின்னூட்டம் நிராகரிக்கப்படும்!