மூன்று நிமிடம்



முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். முறை வரும்போது கூப்பிடுவார்கள். எழுந்து நின்றால் மூன்று நிமிடம். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் நீதிக்கென்று அரசு அமைத்த ஆலோசனைக் குழுக்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட முறை இதுதான். முப்பது நாற்பது வருஷமாக ஆலைப் புகையைக் குடித்த ஒரு தெருவின் கதையை மூன்று நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்கணும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கோ ஒரு ஆலையை மூடவும் அதிகாரம் கிடையாது, ஒரு அதிகாரியை இடம் மாற்றவும் அதிகாரம் கிடையாது. அவர்கள் ஆலோசனை சொல்லலாம். அரசு கேட்டால் கேட்கும், கேட்காவிட்டால் இல்லை.

இதற்குப் போய்ப் பேச வேண்டுமா? ‘மனு கொடுத்து என்னத்தக் கண்டோம்’ என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையேயும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நாற்காலிகளை யாரும் தயவு பண்ணிப் போடவில்லை என்பதிலிருந்து தொடங்குவோம்.

1978இல் வட கரோலினா மாநிலத்தில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெயை இருநூறு மைலுக்கும் மேலான சாலையோரங்களில் இரவோடு இரவாக ஊற்றிவிட்டுப் போனார்கள். அந்த மண்ணைத் தோண்டி எங்கே புதைப்பது? மாநில அரசு தேடிக் கண்டுபிடித்த இடம் வாரன் கவுண்டி. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை ஊர். 1982இல் லாரிகள் வந்தபோது ஜனங்கள் ரோட்டில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். மண் என்னவோ புதைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அடுத்த வருஷமே மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் தென்மாநிலங்கள் எட்டில் கணக்குப் பார்த்தது. நச்சுக் கழிவு கொட்டும் பெரிய இடங்கள் நான்கில் மூன்று கறுப்பர் பெரும்பான்மை ஊர்களில் இருந்தன. 1987இல் ஒரு திருச்சபை நாடு முழுக்க ஆய்ந்து, கழிவு எங்கே போகும் என்பதை வருமானத்தைவிட இனமே தீர்மானிக்கிறது என்றது. 1991இல் வாஷிங்டனில் வெள்ளையரல்லாத மக்களின் முதல் சுற்றுச்சூழல் மாநாடு. 1993இல்தான் முதல் ஆலோசனைக் குழு. 1994 பிப்ரவரி 11 அன்று கிளின்டன் 12898ஆம் எண் கட்டளையில் கையெழுத்திட்டபோது, சிகாகோவில் குப்பைமேடுகளுக்கும் ஆலைகளுக்கும் நடுவே குடியிருப்பில் வாழ்ந்து போராடிய ஹேசல் ஜான்சன் என்ற தாயும் அங்கே இருந்தார். ரோட்டில் படுத்தவர்கள்தான் அந்த மைக்கைச் சம்பாதித்தவர்கள்.

நாமும் இதில் அந்நியர்கள் இல்லை. போபாலில் கொன்ற வாயுவை யூனியன் கார்பைடு அமெரிக்காவில் தயாரித்த ஊர் மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிடியூட். அதுவும் கறுப்பின மக்கள் ஊர்தான். 1985 ஆகஸ்டில் அங்கேயும் வேறொரு நச்சுவாயு கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எந்த ஆலை எவ்வளவு விஷத்தை வெளியே விடுகிறது என்று வருஷாவருஷம் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 1986இல் வந்தது. அந்த மூன்று நிமிஷத்தில் ஒரு அமெரிக்கப் பெண் புள்ளிவிவரத்தோடு பேச முடிந்ததென்றால், அந்தப் புள்ளிவிவரத்துக்கு அடியில் போபாலின் பிணங்கள் கிடக்கின்றன.

சரி, பேசிக் கிடைத்தது என்ன? கிளின்டன் கட்டளையின் கடைசிப் பகுதியைப் படித்தால் விஷயம் புரிந்துவிடும். இந்தக் கட்டளையால் யாருக்கும் நீதிமன்றத்தில் நிலைநாட்டக்கூடிய உரிமை எதுவும் பிறக்கவில்லை என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது என்பது இதுதான். ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போய்விட்டது. வெள்ளை மாளிகைக்கென்று ஒரு குழுவை 2021இல் உருவாக்கிய பைடன் கட்டளையை 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் ரத்து செய்தார். மறுநாள் கிளின்டன் கட்டளையும் போனது. முப்பது வருஷத்து மூன்று நிமிடங்கள்!

லூசியானாவின் ரிசர்வ் ஊரைப் பாருங்கள். செயற்கை ரப்பர் ஆலை. டூபான்ட் நடத்தி, பிறகு டென்கா வாங்கியது. குளோரோபிரீன் என்ற புற்றுநோய்ப் பொருள் காற்றில் கலந்தது. பக்கத்திலேயே குழந்தைகள் பள்ளிக்கூடம். ஒரு கனமீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றது அரசு முகமை. பல மடங்கு போனது. மக்களின் புகாரின்பேரில் குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் 2022இல் விசாரணை தொடங்கி, மாநில அரசு வழக்குப் போட்டதும் 2023 ஜூனில் முகமை விசாரணையைக் கைவிட்டது. ஆலைமீது மத்திய அரசே போட்டிருந்த வழக்கையும் 2025 மார்ச்சில் வாபஸ் வாங்கியது. அதே மே மாதம் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. நஷ்டமாம்.

இத்தனைக்குப் பிறகும் போய்ப் பேசத்தான் வேண்டும் என்கிறேன். வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன் நான். கவுன்டரில் நின்று கத்திவிட்டுப் போனவரின் குறை அன்று மாலையே காணாமல் போகும். உள்வரவுப் பதிவேட்டில் எண் விழுந்த கடிதம் வேறு ஜாதி. (காகிதத்துக்கும் ஜாதி சொல்ல வந்துவிடுகிறது பாருங்கள்.) அதற்கு யாராவது ஒருநாள் பதில் சொல்லியாக வேண்டும். 1946இல் கறுப்பினத் தலைவர்கள் ஐ.நா. சபைக்கு மனு கொடுத்தார்கள் என்று அறிந்ததும் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி அந்த மனுவின் பிரதிகளைக் கேட்டார் பாபாசாகேப். தீண்டப்படாதோரும் அதே வழியில் போக யோசிப்பதாக எழுதினார். ஐ.நா. என்ன கிழித்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா?

பேசுவதிலும் விதம் இருக்கிறது. ‘நாங்கள் கஷ்டப்படுகிறோம்’ என்பது மூன்று நிமிஷத்தையும் தின்றுவிடும். எந்த ஆலை, எந்தக் குழாய், எந்த அனுமதி, அரசுக்கு இந்தக் குழு என்ன எழுத வேண்டும் என்று நேராகக் கேட்கணும். பேச்சுக்குத்தான் மணி அடிக்கும். எழுதிக் கொடுப்பதற்கு அடிக்காது. அதனால் பேசியதைவிட நீளமாக எழுதிக் கொடுத்துவிட்டு வரணும். தொண்டு நிறுவனத்து ஆள் நமக்காகப் பேச எழுந்தால் உட்காரச் சொல்ல வேண்டும். இருமுகிறவள் பேசட்டும்.

இங்கே அப்படி ஒரு ஆலோசனைக் குழுகூட இல்லை. ஆலை வருமுன் கலெக்டர் தலைமையில் நடக்கும் பொது விசாரணைதான் இருக்கிறது. அந்த நடைமுறையில் சாதிவாரியாகக் கேள் என்று ஒரு வரி கிடையாது. எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. நாலு பேர் வந்தாலும் நடத்திவிடலாம். 2020இல் அதையும் சுருக்க ஒரு வரைவு கொண்டுவந்து, முப்பது நாள் அவகாசத்தை இருபதாக்கி, அதையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் போட்டார்கள். இருபத்திரண்டு மொழிகளிலும் தா என்றது டெல்லி உயர் நீதிமன்றம். மொழிபெயர்ப்பதற்குப் பதில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. நமக்குப் புரிந்துவிடக்கூடாது என்பதற்கு இவ்வளவு செலவு.

2006 அறிவிக்கைப்படி, கூட்டம் முடியும்போது அன்று பேசப்பட்டதைத் தொகுத்து அந்த ஊர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். ‘நேரமாச்சு, கிளம்புங்க’ என்பார்கள். சேரித் தெருவின் குறை அந்தத் தொகுப்பில் வருகிறதா என்று காதால் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். உங்கள் பகுதியில் படித்துக்காட்டாமல் முடித்திருந்தால் ஊர், தேதி, ஆலையின் பெயர் மூன்றையும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பட்டியல் போடுகிறோம்.